டேங்கில் குறைந்த ஆயில் எங்கே போனது?

போன டிசம்பரில், மழை விட்ட ஒரு காலையில், புதுச்சேரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் போன் செய்தார். அவர்கள் கல்லூரியின் பின்கட்டில் ஒரு பழைய விமான என்ஜின் ஸ்டாண்டில் நிற்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மாணவர்களுக்காக ஓட்டிக் காட்டுவார்கள். "ஐயா, ஸ்டார்ட்டரை அழுத்தினா ப்ரொப்பெல்லர் கால் சுற்று போய் தட்டுன்னு நின்னுடுது. பேட்டரி போதலை போல. லாரி பேட்டரி ரெண்டு சேர்த்துப் போடலாம்னு இருக்கோம்."

எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போனது. "தம்பி, இருக்கிற பேட்டரியையும் கழற்றி வைங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் சுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவன். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் ஹார்வர்ட் பயிற்சி விமானங்களிலும் ஆட்டர் விமானங்களிலும் வேலை. இரண்டிலும் இருந்தது ஒரே குடும்பத்து என்ஜின்: பிராட் அண்ட் விட்னி ஆர்-1340, வாஸ்ப் என்று பெயர். 1925 டிசம்பரில் முதன்முதலாக ஓடியது. ஒன்பது சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுற்றி நிற்கும், இந்த அமைப்பைத்தான் ரேடியல் என்ஜின் என்பார்கள். மொத்தக் கொள்ளளவு 22 லிட்டர், 600 குதிரைத் திறன். கல்லூரியில் இருப்பதும் அதேதான், ஹார்வர்டில் வரும் நேரடி ஓட்ட வகை, அதாவது ப்ரொப்பெல்லருக்கு நடுவில் கியர் கிடையாது. ஓய்வு பெற்றுக் கடலூர் ஓல்ட் டவுனில் உட்கார்ந்த பிறகு இந்த என்ஜினை மறுபடி தொடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

தனியாகப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் துறைமுகத்து போட் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடமாக டீசல் என்ஜினோடு வாழ்பவர். என் வயதுக்குப் பளு தூக்க முடியாது என்பதால் அவரையும் கூப்பிட்டேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம் என்று பஸ் போகும்போதே விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, சைலன்ஸர் வழியா கடல் தண்ணி ஏறின போட் என்ஜின் இப்படித்தான் நிக்கும். அதுல பலவந்தமா சுத்தினா ராடு வளைஞ்சிடும்" என்றார். பார்க்காமலே சரியாகச் சொல்லிவிட்டார். அவருக்குத் தண்ணீர், நமக்கு ஆயில். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ரேடியல் என்ஜினைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான்.

சிலிண்டர்கள் வட்டமாக நிற்பதால், ஒன்றாம் சிலிண்டர் உச்சியில் இருந்தால் ஐந்தும் ஆறும் அடியில் தலைகீழாகத் தொங்கும். என்ஜின் நின்றுகிடக்கும் நாட்களில் உள்ளே இருக்கும் ஆயில் மெல்ல இறங்கி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அந்தக் கீழ்ச் சிலிண்டர்களின் தலைக்குள் சேரும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் என்ஜின் நின்றிருந்தால் அது புகைக்குழாய் வழியாக வெளியே சொட்டிவிடும், நமக்குத் தெரிந்துவிடும். இரண்டு வால்வும் மூடியிருந்தால் உள்ளேயே நிற்கும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு கிட்டத்தட்ட 2.4 லிட்டர். இந்த வகையில் கம்ப்ரஷன் விகிதம் 6-க்கு 1. அப்படியென்றால் பிஸ்டன் முழுதாக ஏறிய பிறகு மிஞ்சும் இடம் அரை லிட்டர்தான். அதைவிட அதிகமாக ஆயில் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டன் பாறையில் மோதுவது போல மோதும். ஸ்டார்ட்டர் பலமாக இருந்தால், அல்லது மற்ற சிலிண்டர்கள் பற்றிக்கொண்டால், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் ராடு வளையும், சிலிண்டர் தலை விரிசல் விடும். இதில் கொடுமை என்னவென்றால், வளைந்த ராடு அன்றைக்கே உடையாது. பல மணி நேரம் ஓடிய பிறகு ஒரு நாள் உடையும். அப்போது இந்தக் காலை யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே ஸ்டார்ட்டர் பாதியில் நின்றால் பேட்டரியைச் சந்தேகப்படாதீர்கள். பேட்டரி வலு இல்லாவிட்டால் சுழற்சி சோர்ந்து சோர்ந்து நிற்கும். ஆயில் நிறைந்திருந்தால் ஒரே இடத்தில், ஒரே அடியாக நிற்கும். கையில் சுற்றிப் பழகியவருக்கு இந்த வேறுபாடு தோள்பட்டையிலேயே தெரியும்.

போய்ச் சேர்ந்ததும் நான் என்ஜினைத் தொடவில்லை. ஆயில் டேங்கில் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் நிரப்பி வைத்ததாகச் சுவரில் எழுதியிருந்தார்கள். இப்போது பாதிக்கும் கீழே. ஆனால் என்ஜினுக்கு அடியில் வைத்திருந்த தகரத் தட்டில் இரண்டு கரண்டி ஆயில்கூட இல்லை. டேங்கில் குறைந்தது தரையில் இல்லையென்றால் அது என்ஜினுக்குள்தான் இருக்க வேண்டும்.

"கையால சுத்திப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். ஒரு மாணவர் முன்னால் வந்து, "சுத்தினோம் சார். ஒரு இடத்துல இறுகிடுச்சு. அப்புறம் பின்பக்கமா திருப்பினோம், ஃப்ரீயா ஆயிடுச்சு" என்றார். நல்ல மனதோடு செய்ததுதான். அதனால் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டு அது ஏன் ஆபத்து என்று காட்டினேன். பின்னால் திருப்பும்போது இன்டேக் வால்வு திறக்கும் நிலை வந்தால், சிலிண்டரில் இருந்த ஆயில் இன்டேக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கைக்குச் சுலபமாகச் சுற்றும், சரியாகிவிட்டது என்று தோன்றும். ஸ்டார்ட் செய்த அடுத்த நொடியே அந்த ஆயில் மறுபடி உள்ளே உறிஞ்சப்படும். அந்த நேரத்தில் என்ஜின் வேகமும் எடுத்திருக்கும். இறுகினால் அப்படியே விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றுவதுதான் வழி, வேறு வழி கிடையாது.

நான்கு கீழ்ச் சிலிண்டர்களிலும் முன் பின் பிளக்குகளைக் கழற்றினோம். ஐந்தில் கொஞ்சம் வந்தது. ஆறில் பிளக் மரை விடுபட்டதுமே கையெல்லாம் வழிந்தது, அளந்தால் முக்கால் லிட்டர். ஐந்து, ஆறு இரண்டின் இன்டேக் குழாய்களையும் கழற்றினோம். ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் அளவு இருந்தது. லாரி பேட்டரியைப் போட்டிருந்தால் இந்த என்ஜின் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஏற்கனவே அடி விழுந்திருக்குமோ என்ற கவலை எனக்குப் போகவில்லை. ஸ்டார்ட்டருக்குள் நழுவும் கிளட்ச் ஒன்று இருக்கும், அளவுக்கு மேல் சுமை வந்தால் அது வழுக்கிக்கொடுக்கும். பெரும்பாலும் அதுதான் காப்பாற்றியிருக்கும். ஆனாலும் "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி என்ஜினை ஓட்டக் கூடாது என்பது என் கட்சி. விரிவுரையாளர் தயங்கினார், நேரமாகுமே என்று. நான் விடவில்லை. ஆறாம் சிலிண்டரைக் கழற்றி ராடை வெளிச்சத்தில் பார்த்தோம், நேர்க்கோல் வைத்துப் பார்த்தோம். வளைவு இல்லை. அன்று மாலை நான்கு மணிக்கு மேல்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

டேங்க் ஆயில் ஏன் இறங்கியது? டேங்க் என்ஜினைவிட உயரத்தில் இருக்கிறது. தானாக இறங்கிவிடாமல் தடுக்க ஆயில் வடிகட்டியை ஒட்டி ஸ்பிரிங் வைத்த செக் வால்வு ஒன்று உண்டு. அதைக் கழற்றினால், வால்வு உட்காரும் இடத்தில் காய்ந்த காஸ்கெட் பசை, நூல் போல ஒரு துணுக்கு. எப்போதோ யாரோ பசையைத் தாராளமாகத் தடவியிருக்கிறார்கள். பிதுங்கி உள்ளே போன மிச்சம் அங்கே வந்து சிக்கியிருக்கிறது. நகத்தால் எடுக்கக்கூடிய அந்தத் துணுக்குக்காகத்தான் இவ்வளவு பாடும். பசை தடவும் எல்லோருக்கும் சொல்கிறேன்: வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவதும் அதே அளவுதான்.

ஆயில் குறைவதைப் பற்றி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். நிற்கும்போது டேங்கில் குறைந்து, ஓட்டியதும் மீண்டும் ஏறினால் செக் வால்வு. நிற்கும்போது குறைந்து தரையும் நனைந்தால் வெளிக் கசிவு. நிற்கும்போது குறையாமல், ஓடும்போது மட்டும் குறைந்து நீலப்புகையும் வந்தால் ரிங், வால்வு கைடு அல்லது சூப்பர்சார்ஜர் (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) சீல். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நிறுத்தியவுடன் ஒரு அளவு, ஒரு வாரம் கழித்து ஒரு அளவு, இரண்டையும் எழுதி வைத்தால் போதும். கசிவு ஒரு நோய், ஸ்டார்ட் ஆகாதது வேறொரு நோய் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். இந்த என்ஜினில் இரண்டும் பெரும்பாலும் ஆயில் இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதால் வருபவைதான்.

மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முயற்சி. அதற்கு முன்னால் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும், சுற்றும் திசையில் மட்டும். எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை கம்ப்ரஷனைக் கடக்க கிராங்க், அதாவது என்ஜினின் சுழல்தண்டு, இரண்டு சுற்று வர வேண்டும். ஹார்வர்டில் இரண்டு பிளேடு, நேரடி ஓட்டம், ஆகவே நான்கு பிளேடு எண்ணினால் இரண்டு சுற்று. ஆட்டரில் மூன்று பிளேடு, ஆனால் கியர் உண்டு, கிராங்க் மூன்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் இரண்டு. கணக்குப் போட்டால் அங்கேயும் நான்கு பிளேடுதான். நாங்கள் எட்டு எண்ணுவோம், வாய்விட்டு.

சுற்றுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இதை நான் கண்ணால் பார்த்தவன். ஒரு விமானத்தளத்தில், ஓட்டி நிறுத்திய சூடான என்ஜினை ஒருவர் கையால் அசைத்தார். ஸ்விட்ச் ஆஃப். ஆனால் என்ஜின் ஒரு உதை உதைத்தது. பிளேடு அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது, தலை தப்பியது. வீட்டில் விளக்குக்குப் போகும் வயர் அறுந்தால் விளக்கு அணையும். பேட்டரி இல்லாமலே பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவில் தலைகீழ். அதை ஆஃப் செய்வதே ஒரு வயர் வழியாக அதை எர்த்தோடு சேர்ப்பதால்தான். அந்த வயர் அறுந்தால் ஸ்விட்ச் எந்த நிலையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். அதனால் ஒவ்வொரு முறை நிறுத்துவதற்கு முன்னும் மெதுவான ஓட்டத்தில் ஸ்விட்சை ஒரு கணம் ஆஃப் செய்து, என்ஜின் சட்டென்று அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் பலகை மாட்டி, யாரையும் கிட்டே விடக் கூடாது.

சரி, ஸ்டார்ட். ப்ரைமர் அடித்தோம் (ஸ்டார்ட்டுக்காகக் கொஞ்சம் பெட்ரோலை முன்கூட்டியே உள்ளே அனுப்புவது), ஸ்டார்ட்டர் சுற்றியது, நான்கு முறை முயன்றும் என்ஜின் பற்றவில்லை. ஒரு மாணவர் இன்னும் ப்ரைம் பண்ணலாமா என்று கேட்டார். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், கெடுதல் வருவதும் அங்கேதான். அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் போகும், புகைக்குழாயில் தீ பிடிக்கும். குழாயில் தீ வந்துவிட்டால் பயந்து ஸ்டார்ட்டரை விடக் கூடாது. தொடர்ந்து சுற்றி, தீயை உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும், ஒருவர் தீயணைப்பானோடு தயாராக நிற்க வேண்டும். நான் என்ஜினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சூப்பர்சார்ஜருக்குக் கீழே தானாக வடியும் வால்வு ஒன்று இருக்கிறது. இவ்வளவு ப்ரைம் செய்தும் அதிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. பிசின் பிடித்து அடைத்திருந்தது. கழுவிப் போட்டதும் மடமடவென்று வடிந்தது. அது தெரியாமல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தால் அத்தனை பெட்ரோலும் உள்ளேயே தேங்கியிருக்கும்.

பற்றாததற்குக் காரணம் பொறிதான். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் மேக்னெட்டோவால் நல்ல பொறி கொடுக்க முடியாது. அதனால் ஸ்டார்ட் ஆகும் வரை பேட்டரியில் ஓடும் பூஸ்டர் காயில் ஒன்று தொடர்ந்து பொறி அனுப்பும். அது வேலை செய்தால் வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம் கேட்கும். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிக் காது கொடுத்தேன். சத்தம் இல்லை. மூடியைத் திறந்தால் டெர்மினலில் பச்சைக் களிம்பு. கடற்கரையிலிருந்து இவ்வளவு பக்கத்தில், மூன்று மாத மழைக்குப் பிறகு, வேறென்ன இருக்கும்? போட் மெக்கானிக் உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையை வெட்டிப் புதிதாகச் சேர்த்தார். ரீங்காரம் வந்தது. மேக்னெட்டோக்களில் பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்களின் மூடிகளையும் கழற்றி, உள்ளே ஈரம் இருந்ததால் டேபிள் ஃபேன் முன்னால் ஒரு மணி நேரம் வைத்தோம். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்தில் இதைச் செய்யாமல் எந்தப் பழைய இக்னிஷனையும் குறை சொல்லக் கூடாது.

மூடி திறந்திருந்தபோது வயர்களையும் சரிபார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரில் எழுதியிருக்கும் எண் பொறி வரும் வரிசை எண், சிலிண்டர் எண் அல்ல. ஒன்பது சிலிண்டரில் பற்றும் வரிசை 1-3-5-7-9-2-4-6-8. ஆகவே மூடியில் 2 என்று இருப்பது மூன்றாம் சிலிண்டருக்குப் போக வேண்டும். 2-ஐ இரண்டோடு சேர்த்துவிட்டு நாள் முழுக்க கார்பரேட்டரைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே சரியாகவே இருந்தது.

அடுத்த முயற்சியில் மூன்றாவது பிளேடிலேயே பற்றியது. முதலில் ஒரு சிலிண்டர், அப்புறம் மூன்று, அப்புறம் வெள்ளைப் புகை மரத்தையெல்லாம் மூடிக்கொள்ள ஒன்பதும் சேர்ந்து ஓடின. மாணவர்கள் கத்தினார்கள். நான் ஆயில் பிரஷர் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 30 நொடிக்குள் அது ஏறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஏறியது. எத்தனையோ வருடம் கழித்து அந்தச் சத்தத்தை நெஞ்சில் வாங்கினேன். கண் கலங்கியது, புகை மட்டும் காரணமில்லை.

சூடேறியதும் மேக்னெட்டோவை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றை ஆஃப் செய்தால் வேகம் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல் விழக் கூடாது. இடது மேக்னெட்டோவில் மட்டும் ஓடும்போது 180 விழுந்தது, என்ஜினும் நடுங்கியது. எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க எங்கள் சார்ஜண்ட் காலத்து வழி: அந்த மேக்னெட்டோவிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, மேக்னெட்டோ இரண்டும் ஆஃப் என்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு புகைக்குழாய் அடியிலும் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது. எட்டில் சுர்ரென்று ஆவியானது, ஏழில் அப்படியே வழிந்தது. இடது மேக்னெட்டோ பின்பக்கப் பிளக்குகளுக்கானது. ஏழாம் சிலிண்டரின் பின் பிளக் ஆயிலில் ஊறியிருந்தது. மாற்றினோம், வீழ்ச்சி 60-க்கு வந்தது.

வெளிக் கசிவுதான் மிச்சம். பின்புற அடிப்பகுதி எப்போதும் நனைந்தே இருக்கும் என்றும், அங்கே காஸ்கெட்டை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். ஓடும் என்ஜினில் ப்ரொப்பெல்லர் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், நின்றதும் அது கீழே இறங்கும். ஆகவே ஈரம் தெரிகிற இடத்திலிருந்து முன்னாலும் மேலேயும் தேட வேண்டும். என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, காயவிட்டு, கடையில் வாங்கிய முகப் பவுடரைத் துணியில் முடிந்து தட்டினோம். மூன்று நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தினோம். அதற்கு மேல் ஓட்டினால் எல்லா இடமும் நனைந்துவிடும். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், இரண்டாம் சிலிண்டரின் புஷ்ராட் குழாய் (வால்வைத் திறக்கும் கம்பி போகும் குழாய்) கிராங்க்கேஸில் சேருமிடம். அங்கிருந்து இறங்கி, கேஸைச் சுற்றி, பின்னால் போய்ச் சொட்டியிருக்கிறது. பாக்கிங் ரப்பர் பிஸ்கட் போல நொறுங்கியது.

இன்னொரு கசிவு நான்காம் சிலிண்டரின் ராக்கர் மூடியில். அங்கே காஸ்கெட் நன்றாகவே இருந்தது. மூடியைக் கசிகிறதே என்று இறுக்கி இறுக்கி அதன் ஓரமே வளைந்துவிட்டது. கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, மூடியைத் தேய்த்துச் சமமாக்கினோம். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக முடுக்கினால் போதும்.

கறையின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்டேக் குழாய் சேருமிடத்தில் பெட்ரோலின் சாயக்கறை தெரிந்தால் அங்கே பாக்கிங் போய்விட்டது. மெதுவாக ஓடும்போது காற்றை உள்ளே இழுத்து என்ஜின் நடுங்கும், வேகமெடுத்தால் சரியாகிவிட்டது போல இருக்கும். அது பொய்த் தோற்றம். சாம்பல் வெள்ளையாகப் பொடி படிந்தால் எக்ஸாஸ்ட் வாயு. சிலிண்டர் அடித்தட்டில் ஆயில் கசிந்தால் மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டட் உடைந்திருக்கலாம், விரிசலும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் ஓட்டவே கூடாது. பறக்கும் விமானத்தில் இருக்கும் என்ஜினாக இருந்தால் இந்த முடிவுகள் எதையும் என் போன்றவர் சொல்லக் கூடாது. கையேடும் உரிமம் பெற்ற பொறியாளரும்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாணவர் டேங்க் அளவை எடுத்துச் சுவரில் எழுதுகிறார், படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார். ஆறு வாரமாக அளவு இறங்கவில்லை. முன்பக்கம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சீலில் மட்டும் லேசான ஈரம் இருக்கிறது. அதற்கு ப்ரொப்பெல்லரை இறக்க வேண்டும். போட் மெக்கானிக் செயின் பிளாக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், வருகிற வியாழக்கிழமை போகிறோம்.